பழைய காருக்கு இ20-ஆ, எக்ஸ்பி100-ஆ?

மாருதி 800, பழைய சான்ட்ரோ வைத்திருப்பவர்கள் பங்க்கில் வழக்கமாகக் கிடைக்கும், எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் போடலாம். இல்லையென்றால் எத்தனால் கலக்காத, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 பெட்ரோல்.

இ20-இல் 20 சதவீதம் எத்தனால். இதற்கென வடிவமைக்காத கார்களில் மைலேஜ் 6-7 சதவீதம் குறையலாம் என்று 2021-இலேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கட் உப்பி விரிசல் விடுவதுதான் தொல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கிவிடலாம்.

எக்ஸ்பி100-இல் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் லிட்டர் 160 ரூபாயை ஒட்டி! அதன் 100 ஆக்டேனால் (இன்ஜின் தட்டலைத் தடுக்கும் திறனின் அளவு) பழைய இன்ஜினுக்குப் பெரிதாகப் பயனும் கிடையாது. எல்லா ஊரிலும் கிடைக்காது வேறு.

தினமும் ஓடும் காரென்றால் ஹோஸ்களை மாற்றிவிட்டு இ20 போடுவேன். ஷெட்டில் தூங்கும் வண்டிக்கு மட்டும் எக்ஸ்பி100.