பிளக் கேஜ் வாங்குவதென்றால் கம்பி வைத்ததை வாங்குங்கள், காசு மாதிரி இருப்பதை விட்டுவிடுங்கள்

என்.சி. வீதிப் பக்கம் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பொறி தாண்டுகிற இடைவெளியை அளந்து பார்க்க கேஜ் கேட்டேன். முதலில் எடுத்து வைத்தது அந்த வட்டத் தகடுதான், சாவிக்கொத்தில் மாட்ட ஓட்டையோடு பெரிய காசு மாதிரி இருக்குமே, அது. ஓரம் ஒரு பக்கம் மெல்லிசாகத் தொடங்கி, சுற்றிவரச் சுற்றிவரத் தடித்துக்கொண்டே போகும். இடைவெளிக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டு போனால் எந்த இடத்தில் இறுகுகிறதோ அந்த எண்தான் அளவு. வேறு இருக்கா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "தம்பி, புதுப் பிளக்குக்கு என்னத்துக்குக் கேஜ், பெட்டியால எடுத்துப் போட வேண்டியதுதானே" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. புதுப் பிளக் பெரும்பாலும் அளவு வைத்துத்தான் வருகிறது. ஆனால் ஒரே பிளக்கைப் பல வாகனங்களுக்கு விற்கிறார்கள், வருகிற வழியில் பெட்டி எத்தனை தடவை கீழே விழுந்ததோ தெரியாது, அதனால் போடுவதற்கு முன் ஒருதரம் பார்ப்பதில் நட்டமில்லை.

கடைசியில் வாங்கியது கம்பி வைத்த கேஜ். சின்ன உலோகத் தகடு, ஓரத்தில் வெவ்வேறு தடிப்பில் வளைத்துவிட்ட கம்பிகள், ஒரு பக்கம் வெட்டுப்போட்ட நாக்கு. விலை ஒரு கொத்துரொட்டிக்கு மேலே போகாது, பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. காசு கேஜ் அதைவிட இன்னும் மலிவு. இருந்தும் வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் அது ஆப்பு அடிக்கிற வேலையைச் செய்கிறது. தள்ளத் தள்ளப் பாரம் நடு எலெக்ட்ரோடிலும், அதாவது பிளக்கின் நடுவில் நிற்கிற முனையிலும், விழும். பழைய நிக்கல் பிளக்கில் நடுவிலிருப்பது தடித்த கம்பி, அது தாங்கிக்கொள்ளலாம். இரிடியம் பிளக்கில் அந்த நுனியின் தடிப்பு டென்ஸோ கம்பனியின் இரிடியம் பவரில் 0.4 மி.மீ., என்ஜீகே கம்பனியின் இரிடியம் ஐஎக்ஸில் 0.6 மி.மீ. தான். இரிடியம் கடினமான உலோகம், வளைந்து கொடுக்காது, நுனி பெயர்ந்துவிடும். சில நேரம் உள்ளே வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அதற்கப்புறம் பொறி கீறல் வழியே ஓடும், என்ஜின் துள்ளும், நீங்கள் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலில்தான் பிழை என்று அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கம்பிக் கேஜில் இந்தப் பயம் குறைவு. என்னுடையது டொயோட்டா 121 கொரோலா, அதற்கு இடைவெளி 1.1 மி.மீ. என்ஜீகேயிலும் டென்ஸோவிலும் பிளக் இலக்கத்தின் கடைசியில் 11 இருந்தால் 1.1 என்று பொருள், ஆனாலும் வாகனப் புத்தகத்தில் இருப்பதுதான் கடைசிச் சொல். 1.0 கம்பி லேசாகப் போய்வர வேண்டும், 1.1 மெல்ல உரசிக்கொண்டு போக வேண்டும், அதற்கு அடுத்த தடிப்புப் போகவே கூடாது, அவ்வளவுதான் பரீட்சை. கம்பியைத் திணிக்காதீர்கள். போகவில்லையென்றால் இடைவெளி சின்னது, அதுதான் விடை.

இடைவெளியைக் கூட்ட வேண்டுமென்றால் அந்த நாக்கின் வெட்டை வெளி எலெக்ட்ரோடில், அதுதான் மேலே வளைந்து நிற்குமே அதில், மாட்டி மயிரளவு நெம்ப வேண்டும். நடுவில் இருப்பதில் ஊன்றவே கூடாது, பீங்கானிலும் சாய்க்கக் கூடாது. குறைக்க வேண்டுமென்றால் வெளி எலெக்ட்ரோடின் முதுகை ஒரு பலகையில் மெல்லத் தட்டினால் போதும், தட்டியதும் அளந்து பாருங்கள். கூட்டவோ குறைக்கவோ 0.2 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் என்ஜினுக்கான பிளக்கே இல்லை, கடையில் கொடுத்துச் சரியானதை வாங்குங்கள். முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டிருந்தால் அடியில் தளர்ந்து, ஓடும்போது உடையவும் கூடும். வெளி எலெக்ட்ரோடு இரண்டு மூன்று வைத்த பிளக்கில் கையே வைக்காதீர்கள்.

இவ்வளவு பார்க்கத்தான் வேண்டுமா என்றால், இடைவெளி அதிகமானால் பொறி தாண்டக் கூடுதல் வோல்ட் வேண்டும், கொயிலுக்குப் பாரம், ஏசி போட்டுக்கொண்டு லொறியை முந்தும் நேரம் பார்த்து மிஸ் அடிக்கும். குறைந்தால் பொறி சின்னதாகிவிடும், நிற்கும்போது என்ஜின் நடுங்கும்.

சரி, குறைகள். இஞ்ச் எண்களை ஆழமாக அடித்திருக்கிறார்கள், மில்லிமீற்றர் மங்கலாக, வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. 1.1 தேடுபவர்கள் 0.044 இஞ்ச் கம்பியைப் பிடித்தால் சரி. பெரிய குறை வேறு: எழுதியிருக்கிற அளவை அப்படியே நம்ப முடியாது. தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் நுணுக்கமாக அளக்கிற வேர்னியர் கருவியை வாங்கி அளந்து பார்த்தேன், எனக்கு வேண்டிய கம்பிகள் சரியாக இருந்தன, மெல்லிய ஒன்று கொஞ்சம் கூடுதல். பெயரில்லாத சாமானில் இது நடக்கும், அளந்துவிட்டுப் பாவியுங்கள். அப்புறம் துரு. கடற்காற்று ஊரில் இந்தக் கம்பிகள் சீக்கிரம் நிறம் மாறிவிடும், துரு ஏறினால் அளவும் ஏறும். எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

பழைய பிளக்கிலும் இதுவே தட்டை ஃபீலர் கேஜைவிட நல்லது, ஏனென்றால் பாவித்த வெளி எலெக்ட்ரோடு நடுவில் குழிந்திருக்கும், தட்டைத் தகடு குழியின் விளிம்பில் நின்று இடைவெளியைக் குறைத்துக் காட்டும், கம்பி குழிக்குள் இறங்கும்.

அளவு வைத்த பிளக்கைக் கிணறு மாதிரி இருக்கிற துளைக்குள் கைவிட்டுப் போட்டுவிடாதீர்கள், நுனி தட்டுப்பட்டு இடைவெளி மூடிவிடும், பட்ட பாடு வீண். ரப்பர் பிடித்த சொக்கெட்டில் வைத்து இறக்கி, ஆறிய என்ஜினில் கையாலேயே முட்டும் வரை சுற்றி, பிறகு வாசர் உள்ள 14 மி.மீ. புதுப் பிளக் என்றால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்துங்கள். டோர்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர்.