நாஷ்வில் 400-க்கு மாற்று ஸ்பீக்கர்: பாஸ்கெட்டா, ஜேபிஎல்லா, எமினன்ஸா?

ஸ்பீக்கர் போனால் காதுக்கு முன்னால் மூக்குக்குத்தான் தெரியும். வார்னிஷ் எரிவதும் பழைய அட்டைப்பெட்டி கருகுவதும் கலந்த ஒரு வாசனை. டாலஸுக்கு வெளியே ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமை ஒத்திகை. பாஸ் கிட்டார் வாசிக்கும் பையன் தன் ஆம்ப்பைக் கொண்டுவர மறந்துவிட்டான். என் பீவி நாஷ்வில் 400-இல் செருகிக்கொள்ளச் சொன்னது நான்தான், அதனால் யார் மேலும் பழி போட வழியில்லை. இருபது நிமிடம் ஓடியிருக்கும். பாட்டுக்கு நடுவில் ஒரு ‘டப்’. அப்புறம் வாசனை மட்டும்.

நாஷ்வில் 400 என்பது 1980-களில் பெடல் ஸ்டீல் கிட்டார் (கிடையாக வைத்து, கம்பி மேல் பார் என்ற உலோக உருளையை நகர்த்தி, பெடல்களால் சுருதி மாற்றி வாசிப்பது) வாசிப்பவர்களுக்காகவே பீவி கொண்டுவந்த டிரான்சிஸ்டர் ஆம்ப். 4 ஓமில் 210 வாட். உள்ளே ஒரே ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர், பிளாக் விடோ 1501-4. கடைசியில் நிற்கும் 4 என்பது ஓமைக் குறிக்கும். அதன் இடத்தில் எதைப் போடுவது என்று ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். பிளாக் விடோவுக்கே புது பாஸ்கெட் (காந்தம் தவிர்த்த பாகம்: கோன், அதை ஆட்டும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள், சட்டம்) போடுவது, பழைய ஜேபிஎல் ஒன்றை வாங்கிப் பொருத்துவது, எமினன்ஸ் இபிஎஸ்-15சி என்ற புது ஸ்பீக்கர் வாங்குவது. மூன்றையும் காதால் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

ஸ்டீல் கிட்டாருக்கு ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்கலாம். ராக் கிட்டாருக்கு ஸ்பீக்கரின் ஒலி கொஞ்சம் கிழிய வேண்டும், அதுதான் அதற்கு அழகு. ஸ்டீலுக்கு அது ஆகவே ஆகாது. வாசிப்பவரின் வலது கால் எப்போதும் வால்யூம் பெடல் மேல் இருக்கும். கம்பியை மீட்டும்போது சத்தத்தை அடக்கி, நாதம் தேயத் தேயப் பெடலை அழுத்தி அதைத் தாங்கிப் பிடிப்பார். சித்திரவீணை கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும்: மீட்டலைவிட அதன் பின் வரும் இழைவுதான் சங்கீதம். அந்த இழைவில் ஸ்பீக்கர் ஒரு துளி கரகரத்தாலும் மறைக்க இடமில்லை. சுருதி எல்லையும் பெரிது. சி6 என்ற சுருதி அமைப்புள்ள கழுத்தின் பத்தாவது கம்பி 65 ஹெர்ட்ஸ். இ9 கழுத்தின் மூன்றாவது கம்பி, அதாவது அடிக்கடி அறுந்து தொலைக்கும் அந்த ஜி ஷார்ப், சும்மா மீட்டினால் 415 ஹெர்ட்ஸ், பன்னிரண்டாம் கட்டில் 830. அதன் மேல் உபசுருதிகள் வேறு. கீழே உறுமவும் வேண்டும், மேலே காதைக் குத்தாமல் மின்னவும் வேண்டும், உடையவும் கூடாது. 12 இஞ்சில் சமாளிப்பவர்கள் உண்டு. ஆனால் பழைய ஆட்கள் 15 இஞ்சை விட மாட்டார்கள்.

இந்த ரகத்துக்கெல்லாம் மூத்தது ஜேம்ஸ் லான்சிங் 1940-களின் பிற்பகுதியில் வடிவமைத்த ஜேபிஎல் டி130. 4 இஞ்ச் அகலக் காயில், பட்டையான அலுமினியக் கம்பியை விளிம்பு நிற்கச் சுற்றியது. நடுவில் அலுமினியக் குமிழ், பின்னால் கோபால்ட் கலந்த ஆல்னிகோ காந்தம். ஃபெண்டர் ஆம்ப்புகளுக்காக டி130எஃப் என்று ஒரு மாற்றுருவும் வந்தது. அதில் காயில் உரசாதபடி காந்த இடைவெளியைச் சற்று அகலப்படுத்தினார்கள். மிசிசிப்பியின் மெரிடியன் ஊரில் 1965-இல் ஹார்ட்லி பீவி தொடங்கிய நிறுவனமும் 1970-களில் தன் செஷன் 400 ஆம்ப்பில் ஜேபிஎல் கே130-ஐத்தான் போட்டது. பிறகு அதே 4 இஞ்ச் காயில், அலுமினியக் குமிழ் யோசனையைத் தன் சொந்தத் தயாரிப்பாகவே பிளாக் விடோவில் கொண்டுவந்தது. ஆக, கருகியது ஜேபிஎல்லின் பங்காளிதான். பங்காளி போனால் பெரியப்பாவைக் கூட்டி வரலாமா என்பதுதான் என் முன் இருந்த கேள்வி.

அதற்கு முன் ஒரு வேலை. ஸ்பீக்கர்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றேகால், மூன்றரை காட்ட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் ஆறுக்குப் பக்கத்தில். என்னுடையது ஒன்றுமே காட்டவில்லை. மீட்டர் சரியாகக் காட்டியும் கரகரப்பு இருந்தால், இரண்டு கை விரல் நுனிகளையும் கோனில் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். மணல் தாளில் நகம் உரசுவது போல் கேட்டால் காயில் கோணிவிட்டது. ஒன்றும் கேட்காவிட்டால் குமிழின் பசை விட்டிருக்கலாம், ஏதோ ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அது பத்து நிமிட வேலை, ஸ்பீக்கர் மாற்றத் தேவையே இல்லை.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் நேர் மின்சாரம் அப்படியே காயிலுக்குள் பாய்ந்து அதைப் பொசுக்கிவிடும். அந்தக் கோளாறோடு புது ஸ்பீக்கரை மாட்டினால் அதுவும் சில நொடிகளில் போய்விடும். எனவே ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பைப் போட்டு, வெளியீட்டில் டிசி வோல்ட் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் என்றால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் பேச்சை நிறுத்திவிட்டு ஆம்ப்பை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்பைப் போடுவது டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் மட்டும்தான். வால்வு ஆம்ப்பில் அப்படிச் செய்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து.

என் ஆம்ப் 12 மில்லிவோல்ட் காட்டியது. நிம்மதி.

முதலில் பாஸ்கெட். பிளாக் விடோவின் பெரிய வசதி, அதன் காந்தம் ஒரு துண்டு, கோன், காயில், அலுமினியச் சட்டம் எல்லாம் சேர்ந்து இன்னொரு துண்டு. நடுவில் போல்ட்டுகள்தான். மற்ற ஸ்பீக்கர்களில் கோன் மாற்றுவது கைத்தொழில். சென்னை ரிச்சி தெருவில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டைப் பட்டையாக வெட்டிக் காயிலுக்கும் நடுத் தூணுக்கும் இடையே செருகி, கோனை ஒட்டி, பசை காயும்வரை தொடாமல் வைத்து, பிறகு ஒவ்வொரு பட்டையாக உருவுவார்கள். கை தவறினால் காயில் உரசும். பிளாக் விடோவில் அந்த வித்தை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போல்ட்டைக் கழற்று, பழையதை நேராகத் தூக்கு, புதியதை நேராக இறக்கு, அவ்வளவுதான்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பாஸ்கெட்டைத் தூக்கியதும் காந்தத்தின் அந்த ஒல்லியான வட்ட இடைவெளியை டார்ச் அடித்துப் பார்த்தேன். கருகிய காயிலின் வார்னிஷ் செதில்களும் இரும்புத் தூளும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதினால் போகாது, காந்தம் விடுமா? மாஸ்கிங் டேப்பைப் பசை இரண்டு பக்கமும் வெளியே இருக்கும்படி மடித்து, இடைவெளிக்குள் விட்டு, சுற்றிலும் மெல்ல ஓட்டி எடுத்தேன். முதல் சுற்றில் டேப் கறுப்பாக வந்தது. ஏழாவது சுற்றில்தான் சுத்தமாக வந்தது. இதில் சோம்பினால் புது காயில் முதல் நாளே உரசும்.

வாங்கும்போது எண்ணையும் பாருங்கள். 1501 தான் அலுமினியக் குமிழ் கொண்டது, கிட்டாருக்கும் ஸ்டீலுக்கும் ஆனது. 1502, 1505 எல்லாம் பாஸுக்கும் மேடைப் பெட்டிகளுக்கும். பழைய சாமான் விற்பவர்கள் “பிளாக் விடோ பாஸ்கெட்” என்று பொதுவாகப் போட்டு விற்பார்கள். அதைப் போட்டால் மேல் கம்பிகள் கம்பளிக்குள்ளிருந்து கேட்கும். ஓம் எண்ணையும் சரிபாருங்கள், 8 ஓம் பாஸ்கெட்டும் இதே காந்தத்தில் உட்காரும். பீவியின் சொந்தப் பாஸ்கெட் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். வெளியார் செய்ததென்றால் குமிழ் அலுமினியமா, கோன் கனமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது பெரியப்பா. ஸ்டீல்காரர்களிடம் ஜேபிஎல் என்று சொன்னாலே குரல் தாழ்ந்துவிடும், கோயிலுக்குள் பேசுவது போல. நண்பர் ஒருவர் தன் இ130-ஐ இரண்டு வாரம் கொடுத்தார். கே130-க்கு அடுத்து வந்த மாடல் இது. 1970-களின் கடைசியில் கோபால்ட் விலை எகிறியதால் ஜேபிஎல் ஆல்னிகோவை விட்டு ஃபெரைட் காந்தத்துக்கு மாறியது. இ130 அந்த மாற்றத்துக்குப் பிந்தையது. மாட்டினேன், மூன்றாம் கம்பியைப் பன்னிரண்டாம் கட்டில் மீட்டினேன். கண்ணாடி மாதிரி ஒரு சுத்தம். பாரை நடுக்கும்போது அந்த நடுக்கத்தின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகக் கேட்டது. அதே சுத்தம் என் தவறுகளையும் தனித்தனியாகக் காட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். பாரின் முனை கம்பியில் தட்டிய சத்தமெல்லாம் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போயிருக்கும். ஆம்ப்பின் டிரெபிளைப் பாதிக்குக் கீழே இறக்கிய பிறகுதான் வாசிக்க முடிந்தது.

ஓம் கணக்கும் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஜேபிஎல் பெரும்பாலும் 8 ஓம். 4 ஓமில் 210 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் காகிதக் கணக்குப்படி பாதிதான் தரும், நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கூட. பயப்பட ஒன்றுமில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஓம் கூடினால் கெடுதல் கிடையாது, குறைந்தால்தான் ஆபத்து. பாதி வாட் என்றால் காதுக்கு 3 டெசிபல்தான் குறைவு. இ130 ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் தரும் ரகம் என்பதால் அந்தக் குறையை அதுவே ஈடுகட்டிவிடுகிறது. சத்தத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் 65 ஹெர்ட்ஸ் கம்பியை அழுத்தமாக வாசிக்கும்போது பழைய தாராளம் இல்லை.

ஜேபிஎல்லை நான் விட்டதற்குக் காரணம் ஒலி அல்ல, வரலாறு. ஐம்பது வருடப் பழைய ஸ்பீக்கரில் அசல் கோன் இருக்கிறதா, யாராவது மாற்றினார்களா, எந்தக் கோன் கிட் போட்டார்கள் என்று தெரியாது. வேறு யாரோ செய்த கிட் போட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது ஜேபிஎல் காந்தம், அவ்வளவுதான். ஆல்னிகோ என்றால் காந்தம் வலுவிழந்திருக்கவும் வாய்ப்புண்டு. நான் பார்த்த விலைகளில் ஒரு நல்ல கே130 என் ஆம்ப்பின் விலையில் பாதியைத் தொட்டது. அதுவும் காயிலை நேரில் தொட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டும்.

ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. பழைய ஜேபிஎல்லின் துருவம் மற்றவற்றுக்குத் தலைகீழ். சிவப்பு முனையில் பேட்டரியின் பாஸிட்டிவை வைத்தால் கோன் உள்ளே போகும். ட்வினில் இரண்டு 12 இஞ்ச் ஜேபிஎல்லில் ஒன்று போய், அந்த இடத்தில் வேறு கம்பெனி ஸ்பீக்கரை வழக்கம்போல் இணைத்தால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அடிச்சுருதி காணாமல் போகும். ஸ்பீக்கர் மட்டம் என்று திட்டுவார்கள், தப்பு ஒயரில் இருக்கும். ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். என்னுடையதில் ஒரே ஸ்பீக்கர் என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது எமினன்ஸ் இபிஎஸ்-15சி. பெடல் ஸ்டீலுக்கென்றே செய்தது, 300 வாட், 4 ஓமிலேயே கிடைக்கிறது. புதுசு, உத்தரவாதம் உண்டு, பெட்டியைத் திறந்து மாட்ட வேண்டியதுதான். இன்னொருவரின் நாஷ்வில் 400-இல் ஒரு மாலை முழுக்க வாசித்தேன். பிளாக் விடோவைவிட மேல் சுருதி மெத்தென்று இருக்கிறது, நடுச்சுருதி கொஞ்சம் முன்னே வந்து நிற்கிறது. மெதுவான பாட்டில் அது சுகம். வேகமான பாட்டில் இ9-இன் ஒற்றை ஒற்றைச் சுரங்கள் வரிசையாக ஓடும்போது அலுமினியக் குமிழின் அந்த வெட்டு எனக்குத் தேவைப்பட்டது. அதே ஆம்ப்பின் சொந்தக்காரருக்கு அந்த வெட்டுதான் பிடிக்காதாம், அதனால்தான் மாற்றினாராம். அவர் சி6 வாசிப்பவர்.

எடை குறைய வேண்டும் என்றால் நியோடிமியம் காந்தம் போட்ட 15 இஞ்சுகளும் உண்டு. நாஷ்வில் 400 இருபத்தைந்து கிலோவுக்கு மேல் வரும், அதில் ஸ்பீக்கரின் பங்கு கணிசம். அறுபதைத் தாண்டிய இடுப்பு என்றால் இதை நான்காவது ஆளாக அல்ல, முதல் ஆளாகவே பாருங்கள். எதையும் யோசிக்காமல் கடையில் கிடைக்கும் மேடைப் பெட்டி வூஃபரை மட்டும் போடாதீர்கள். அது அடைத்த பெட்டிக்கான தளர்ந்த கோன். நம்முடையது பின்பக்கம் திறந்த பெட்டி. மேல் சுருதியும் வராது, கீழே கோனும் அளவுக்கு மீறி ஆடும்.

நான் போட்டது பாஸ்கெட். உங்கள் பிளாக் விடோவின் காந்தம் நன்றாக இருந்து, 1501-4 பாஸ்கெட் கிடைக்குமானால் அதைத் தாண்டி யோசிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கிடைக்காவிட்டால் எமினன்ஸ். செஷன் 400 வைத்திருப்பவர் என்றால் தீர்ப்பு மாறும், ஜேபிஎல்லோடு பிறந்த ஆம்ப் அது; உள்ளே இருக்கும் கே130 அசல் கோனோடு கருகியிருந்தால் நல்ல கைகாரரிடம் கொடுத்துக் கோன் மாற்றச் சொல்லுங்கள், கழற்றி விற்காதீர்கள்.

மாட்டும்போது எதிரெதிர் போல்ட்டுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒரு பக்கம் இறுக்கினால் சட்டம் முறுகிக் காயில் ஓரத்தில் உரசும். இரண்டு வாரம் வாசித்த பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்தேன், இரண்டு போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டன.