பெரிய மேடையா, பெரிய மேளமா?

எலக்ட்ரானிக் இசை செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் கும்பகோணத்துக்காரன் நான். சேர்த்த காசில் வெளியூர் விழாவுக்கு டிக்கெட் எடுப்பதா, ஊர்த் திருவிழாவிலேயே காதைத் தீட்டுவதா?

2007-ல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் மாதிரி எலக்ட்ரானிக் இசை விழாக்களில் கிடைப்பது பேஸ், அதாவது கீழ் ஒலி. 50 ஹெர்ட்ஸ் அதிர்வு நெஞ்செலும்பில் இறங்கும்; ஹெட்போனில் அது கிடைக்காது. ஒன்று சொல்கிறேன், மேடையோரம் முண்டியடிக்காதீர்கள். ஒலிகளைக் கலக்கும் மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கிக் டிரம்மின் அடியும் பேஸும் ஒன்றையொன்று இடிக்காமல் தெளிவாகக் கேட்பது அங்கேதான்.

சரி, ஊரில்? சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் நாகஸ்வரம் ஒரே அடியை வேகம் மாற்றி மாற்றி வாசிக்கும். தவில்காரருக்கு வலக்கை விரல்களில் மாட்டிய கூடு, இடக்கையில் குச்சி. வலப்பக்கத் தோலான வலந்தலை பளிச்சென்று வெட்டும், இடப்பக்கத் தோலான தொப்பி கும்மென்று இறங்கும். எங்கே ஏற்றுவது, எங்கே சட்டென்று நிறுத்துவது என்று நான் கற்றது அந்தத் தீவட்டி வெளிச்சத்தில்தான். காசும் கிடையாது.

மிக்சிங் பிடிபடாதவர்கள் விழாவுக்குப் போகலாம். தாளம் உயிரில்லாமல் கிடக்கிறதா, முதலில் வீதிக்கு வாருங்கள். இந்த வருஷம் நானும் வீதியில்தான். ரெக்கார்டருக்கு பேட்டரி வாங்கியாச்சு.