கறுக் கறுக்குனு கடிபடுற புல் கெண்டை

வேலைக்காக சீனாவுல குவாங்சோவுல இருக்கேன், போன வாரம் பக்கத்துல சோங்ஷான் ஊருக்குப் போயிருந்தோம், அங்க ஒரு சின்ன ஹோட்டல்ல 'சுய் ரோ ஹுவான்' சாப்பிட்டேன், அதாவது மொறுமொறு புல் கெண்டை. நம்ம ஊர் குளத்துல விடுற அதே புல் கெண்டைதாங்க, ஆனா கடைசி மூணு நாலு மாசம் புல்லு, தீவனம் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஊறவெச்ச ஃபாவா பீன்ஸ் (ஒரு வகை பெரிய அவரை விதை) மட்டும் போட்டு வளர்க்குறாங்க. அதனால சதையில கொலாஜன்ங்கிற புரதம் கூடி, நார் மெலிசாகி நெருக்கமாயிடுமாம்.

மெலிசா சீவி தட்டுல வெச்சாங்க, மேசையிலேயே சூப் கொதிக்கிற ஹாட்பாட் சட்டியில போட்டதும் ஓரம் லேசா சுருண்டுச்சு, அவ்ளோதான், ஒரு துண்டு கூட உடையல. சாதாரண புல் கெண்டைன்னா இந்நேரம் கரைஞ்சு குழம்போட போயிருக்கும். வாயில வெச்சா கறுக் கறுக்குன்னு, கிட்டத்தட்ட கணவாய் மாதிரி, ஆனா ரப்பர் மாதிரி இழுக்காது. சேத்து வாடை சுத்தமா இல்ல. தோலோட சாப்பிடுங்க, அதுதான் பெஸ்ட்!

குறைன்னா, சின்ன முள்ளு அப்படியேதான் இருக்கு, குழந்தைங்களுக்குப் பார்த்துக் குடுங்க. விலையும் சாதாரண மீனை விட ஜாஸ்தி, நாங்க போன இடத்துல எடை போடுறப்ப கூப்பிட்டுக் காட்டல, அது எனக்குப் பிடிக்கல.

பண்ணை வெச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க, பீன்ஸை ரொம்ப நாள் போட்டா மீனோட ரத்த அணுக்கள் பாதிக்கும், அதனாலதான் கடைசி கட்டத்துல மட்டும் குடுக்குறாங்க.