பெரிய வெட்டுக்கத்தியின் பிடி: சுற்றுவதைவிடச் சீவுவது மேல்

கத்தி விமர்சனம் என்றாலே அலகைப் பற்றித்தான் பேச்சு. எந்த எஃகு, எவ்வளவு கடினம், எந்தக் கோணத்தில் தீட்டியிருக்கிறார்கள் என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். பிடிக்கு மட்டும் ‘கைக்கு அடக்கமாக இருக்கிறது’ என்று ஒரு வரி. எடுத்துப் பார்க்கும்போது எல்லாக் கத்தியும் கைக்கு அடக்கம்தான். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையைத் துண்டு போட்டு, அந்தத் துண்டுகளைப் பிளந்து, கை வியர்த்து, பிடி நனைந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

என்னிடம் இருப்பது 25 செ.மீ. அலகும் முதுகில் 6 மி.மீ. தடிமனும் உள்ள காட்டுவேலைக் கத்தி. 1095 உயர் கார்பன் எஃகு, மேலே கறுப்புப் பூச்சு. அலகின் இரும்பு அப்படியே பிடியின் கடைசிவரை ஓடுகிறது. ஃபுல் டாங் என்பார்களே, அது. இருபுறமும் மைக்கார்ட்டா என்ற, பிசினில் இறுக்கிய அடுக்குப் பொருளில் ஒவ்வொரு பலகை, மூன்று திருகு. பசை போட்டு ஒட்டவில்லை. பல மழைக்காலங்களாக இதைப் புழங்கிவிட்டேன். அலகில் தீட்டுவதைத் தவிர எதையும் தொடவில்லை. பிடியைத்தான் கிட்டத்தட்டப் புதிதாகச் செய்துகொண்டேன்.

முதலில் வலி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிடியின் பக்கங்கள் சப்பட்டை. குறுக்கே அறுத்துப் பார்த்தால் செவ்வகம். மூலைகளை மட்டும் லேசாக மழுக்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட பிடியில் உள்ளங்கையின் குழிவு நிரம்பாது. நிரம்பாவிட்டால் வெட்டும் வேகத்தின் அழுத்தம் முழுவதும் அந்த நான்கு மூலைகளில்தான் இறங்கும். கத்தி நழுவுமோ என்று கை தானாகவே இறுக்கும். இறுக்க இறுக்க முன்கை சோர்ந்துபோகும். ‘பெரிய கத்தி கனம், கை வலிக்கிறது’ என்று பலர் சொல்வதில் பாதிக்குமேல் கனத்தின் குற்றமல்ல, இந்த இறுக்கத்தின் குற்றம் என்பது என் கணிப்பு.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வு படும் இடத்தில் இன்னொரு தொல்லை. அங்கே இரும்பின் விளிம்பு பலகையைவிட ஒரு நகக் கனம் தூக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அது தோலை உரசும். கடைசியில், பிடியின் வாலில் கை வழுக்காமலிருக்க வைத்திருக்கும் கொக்கி. வீசும்போது கத்தி கையை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது சுண்டுவிரலின் அடிப்பக்கம். கொக்கியின் உள்வளைவு கூராக இருந்தால் முதலில் கொப்புளம், பிறகு காய்ப்பு.

துருவுக்கு வருவோம். 1095இல் கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம், குரோமியம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. துருப்பிடிக்கா எஃகு என்று பெயர் வாங்கவே குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஆகவே இந்தக் கத்தியைக் காப்பது மேல்பூச்சு மட்டும்தான். அலகில் பூச்சு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்து எண்ணெய் தடவலாம். கண்ணுக்குத் தெரியாத இடம் பலகைக்கு அடியில் இருக்கிறது. பலகைக்கும் இரும்புக்கும் இடையே உள்ள மயிரிழை இடுக்கு நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். வெளியே காற்றுப் படும் இடம் சீக்கிரம் காய்ந்துவிட, உள்ளே வியர்வை உப்போடு ஈரம் தங்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த அந்த உள்பக்கம்தான் வேகமாக அரிக்கப்படும். போதாததற்கு, துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகவே பலகையை மெல்லத் தூக்கும், இடுக்கு அகலும், இன்னும் தண்ணீர் போகும்.

பலகையைக் கழற்றியபோது இதெல்லாம் படம் வரைந்ததுபோல் தெரிந்தது. திருகுத் துளைகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பழுப்பு. மேல் விளிம்பு நெடுக ஒரு விரற்கடை அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் பொடி. நகத்தால் சுரண்டினால் பூச்சு செதில் செதிலாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பில் பென்சில் கோடு மாதிரி ஒரு பழுப்புக் கீற்று தவிர ஒன்றுமில்லை.

பிடி வலித்தால் எல்லோரும் முதலில் செய்வது எதையாவது சுற்றுவது. நானும் சுற்றிப் பார்த்தேன். பாராகார்டு என்ற நைலான் கயிறு பார்க்க அழகு. ஆனால் நைலான் நனைந்தால் நீளும், சுற்று தளர்ந்து பிடிமேல் நகரும். ஈரத்தையும் உப்பையும் நாள்கணக்கில் இரும்போடு அணைத்து வைத்திருக்கும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால் பிடிமானம் அபாரம், அதிர்வும் குறையும். ஆனால் அதற்கடியில் போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. டென்னிஸ் மட்டையின் மேல்சுற்று இந்த வரிசையில் கைக்கு மிகவும் இதம். சீக்கிரம் கிழியும், அது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். மூன்றிலும் பொதுவான குறை ஒன்று: பிடியைப் பருமனாக்குகின்றன, மூலைகளை அகற்றுவதில்லை, இடுக்கை மறைக்கின்றன. கைக்கு வலியும் இரும்புக்குத் துருவும் ஒரே இடத்தில்தான், அதாவது பலகையும் இரும்பும் சேரும் விளிம்பில்தான், தொடங்குகின்றன. அந்த விளிம்பை மூடி வைப்பது இரண்டுக்குமே மருந்தில்லை என்று எனக்குப் பட்டது. வலி உள்ள இடத்தில் பொருளைச் சேர்க்காதே, குறை. இதுதான் பிறகு நான் பிடித்துக்கொண்ட வழி.

எங்கே குறைப்பது என்பதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது. பிடி முழுவதும் சுண்ணக்கட்டியை அழுத்தித் தேய்த்துவிட்டு, கையுறை இல்லாமல், வழக்கமாக வெட்டுவதுபோல் கொஞ்ச நேரம் வெட்ட வேண்டும். பிறகு பிடியைப் பார்த்தால் கை அழுத்திய இடங்களில் சுண்ணம் போயிருக்கும், அழுத்தாத இடங்களில் வெள்ளையாகவே இருக்கும். என் பிடியில் நான்கு மூலைகளும் கொக்கியின் உள்வளைவும் துடைத்துவிட்டதுபோல் சுத்தம். பக்கங்களின் நடுப்பகுதி முழு வெள்ளை. பென்சிலால் குறி போட்டு அங்கே மட்டும் சீவினேன். கொஞ்சம் சீவுவது, மறுபடி சுண்ணம், மறுபடி வெட்டு. அலுப்பான வேலைதான், ஆனால் சீவிய மைக்கார்ட்டாவைத் திரும்ப ஒட்ட முடியாது.

மைக்கார்ட்டா என்பது துணி அல்லது காகித அடுக்குகளைப் பினாலிக் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பொருள். அரத்துக்கு நன்றாக மசியும். பலகைகளைக் கத்தியிலேயே திருகி வைத்த நிலையில்தான் தேய்க்க வேண்டும். தனியாகக் கழற்றித் தேய்த்தால் இரும்போடு சமமாக வராது. அலகைத் தடித்த துணியால் சுற்றி, நாடா ஒட்டி, பட்டறை வைஸில் மாட்டி இறுக்கிவிட்டேன். வாய்ப்பக்கம் கூராக இருக்கும்போது பிடியில் வேலை செய்வது விரலோடு விளையாடுவது. முதலில் அரைவட்ட அரத்தால் மூலைகளைச் சரிவாக்கினேன். பிறகு 80 எண் உப்புத்தாளை நீளப் பட்டையாகக் கிழித்து, காலணிக்குப் பாலிஷ் போடுவதுபோல் பிடியின் மேல் இப்படியும் அப்படியும் இழுத்தேன். செவ்வகம் முட்டை வடிவத்துக்கு வந்தது. முட்டையின் ஒடுங்கிய பக்கம் விரல்கள் மடியும் பக்கமாக இருக்க வேண்டும். முழு வட்டமாக்கிவிடக்கூடாது, வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இருட்டிலும் கைக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து இன்னும் நைசான 120 எண் தாள், பிறகு 220, அங்கே நிறுத்திவிட்டேன். 400, 600 என்று போய்ப் பளபளப்பாக்கினால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஈரக்கைக்கு வழுக்கும். துணி இழை லேசாக மேலெழும்பியிருக்கும் மைக்கார்ட்டா நனைந்தால் இன்னும் கவ்வும். இந்தப் பொருளின் பெரிய வரமே அதுதான், அதை ஏன் தேய்த்து அழிக்க வேண்டும்?

தூசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பினாலிக் தூசி மூக்கையும் நுரையீரலையும் உறுத்தும். ஜி10 பலகை என்றால் அதில் கண்ணாடி இழை இருக்கிறது, இன்னும் மோசம். நல்ல முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு, திறந்த வெளியில் தேய்ப்பதே சரி.

தூக்கிக்கொண்டிருந்த இரும்பு விளிம்பை உப்புத்தாளால் பலகையோடு சமமாக்கினேன். பிறகு விளிம்பு முழுவதையும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிட்டேன். கையால்தான். சுழலும் இயந்திரத்தைப் பிடித்தால் இரும்பு சூடாகும். அலகின் பக்கமாக அந்தச் சூடு ஏறினால் பதம் இறங்கும், அதாவது கடினம் குறையும். இந்த வகைக் கத்திகளைப் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் பதப்படுத்துகிறார்கள். இரும்பில் நீலம் ஓடிவிட்டால் அதைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

அடுத்து உள்பக்கம். துருவையும் உரிந்த பூச்சையும் சுரண்டி, இரும்புக் கம்பளியால் தேய்த்து, அசிட்டோனால் பிசுக்கு எடுத்தேன். பிறகு வெறும் இரும்பின் மேல் சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வரும். அந்தப் படலம் தனியாகத் துருவை நிறுத்திவிடாது, தாமதப்படுத்தும், அவ்வளவே. அமிலத்தை அப்படியே விட்டால் அதுவே துருவுக்கு வித்தாகும். சமையல் சோடாக் கரைசலால் கழுவி, உடனே வெந்நீர் ஊற்றித் துடைத்துவிட்டால் ஈரம் தானாக ஆவியாகிவிடும்.

இதற்கப்புறம்தான் பெரிய கேள்வி. எபாக்சி போட்டு நிரந்தரமாக ஒட்டுவதா, கழற்றும்படி விடுவதா? ஒட்டுவதற்கு நியாயம் உண்டு. சொரசொரப்பாக்கிய சுத்தமான பரப்பில் நன்றாக ஒட்டிய எபாக்சி தண்ணீரை அண்டவிடாது. வீட்டுக்குள் புழங்கும் கத்தி என்றால் நானும் அதையே செய்வேன். வெட்டும் கத்தியின் கதை வேறு. ஒவ்வொரு வெட்டிலும் இரும்பு அதிர்கிறது, வளைந்து மீள்கிறது. எங்கேயோ ஓரிடத்தில் பசை விட்டுப்போகும். விட்டது வெளியே தெரியாது, திறந்து பார்க்கவும் முடியாது. எனக்குக் காப்பைவிடச் சோதிக்கும் வசதி முக்கியமாகப் பட்டது. அதனால் தேன்மெழுகையும் மினரல் எண்ணெயையும் சூட்டில் கலந்து களிம்பாக்கி, இளஞ்சூடான இரும்பின் மேல் தடவி, பலகையின் உள்பக்கமும் பூசி, துளைகளுக்குள்ளும் அடைத்துத் திருகினேன். இறுக்கும்போது விளிம்பு நெடுக மெழுகு பிதுங்கி வர வேண்டும். வராத இடத்தில் இடுக்கு நிரம்பவில்லை என்று அர்த்தம். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

திருகுகள் துருப்பிடிக்கா எஃகு. அவை கார்பன் இரும்போடு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது கார்பன் இரும்புதான். துளையில் மெழுகு நிரப்பியதற்கு இதுவும் காரணம். மரைக்கு மட்டும் மெழுகு வேண்டாம். அங்கே சுத்தமாகத் துடைத்து, நீல நிற, நடுத்தர வலிமையுள்ள மரைப்பூட்டுத் திரவம் ஒரு சொட்டு. இல்லாவிட்டால் அதிர்விலேயே திருகு கழன்றுவிடும். சிவப்பு நிறத்தது வேண்டாம், பிறகு கழற்றச் சூடுகாட்ட வேண்டிவரும்.

இத்தனை காலப் புழக்கத்துக்குப் பிறகு என்ன நிலை? கைக்கு வந்த மாற்றம்தான் பெரிது. கொப்புளம் போய்விட்டது. அதைவிட, கை இறுக்குவதை நிறுத்திவிட்டது; கத்தியைத் தளர்வாகப் பிடித்து, கடைசி நொடியில் விரல்களை மடக்கி வீச முடிகிறது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பலகையைத் திறக்கிறேன். திருகுத் துளையின் விளிம்பில் எப்போதாவது ஒரு பழுப்புப் புள்ளி, துடைத்தால் போகிறது. பழைய செம்மண் பட்டை திரும்பவில்லை. மைக்கார்ட்டா எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. எனக்குப் பிடித்திருக்கிறது, சிலருக்கு அழுக்காகத் தெரியும்.

குறைகளும் உண்டு. பிடியில் கனம் குறைந்ததால் கத்தி முன்பைவிட அலகுப் பக்கம் சாய்கிறது. வெட்ட நல்லது, குச்சி சீவுவது, கூர் செதுக்குவது போன்ற சின்ன வேலைகளில் மணிக்கட்டுக்குத் தெரிகிறது. திருகுத் தலைகளைச் சுற்றிப் பலகை மெலிந்துவிட்டதால் இனிமேல் அங்கே சீவ இடமில்லை. வெயிலில் கிடந்தால் மெழுகு இளகி விளிம்பில் கசிந்து கையில் ஒட்டும். தடித்த கையுறை போட்டு வேலை செய்பவருக்கு இந்த மெலிந்த பிடி கொஞ்சம் சிறியதாகப் படலாம். உத்தரவாதம் உள்ள கத்தி என்றால், பிடியில் கை வைக்கும் முன் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். மாற்றம் செய்தால் செல்லாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

உறையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பிடிக்கு இவ்வளவு செய்துவிட்டு, நனைந்த தோல் உறைக்குள் கத்தியைச் செருகி வைத்தால் அலகில் துரு வரும். தோல் ஈரத்தை விடாது, பதனிட்ட வேதிப்பொருள்களும் அதில் மிச்சமிருக்கும். தோல் உறை எடுத்துச் செல்ல மட்டும். வைக்கும்போது கத்தி வெளியே, எண்ணெய் தடவிய துணியில்.

வார்த்த ரப்பர் பிடி உள்ள கத்திக்கு இந்த வழி எதுவும் ஒத்துவராது. கழற்ற முடியாது, சீவினால் பிய்ந்து வரும். அங்கே செய்யக்கூடியது, அலகு பிடிக்குள் நுழையும் வாயில் நன்றாகக் காய்ந்த பிறகு இளகிய மெழுகைச் சொட்டவிட்டு இடுக்கை அடைப்பதும், அது உதிரும்போதெல்லாம் மறுபடி அடைப்பதும்தான். கைக்கு இதம் வேண்டுமென்றால் டென்னிஸ் மேல்சுற்று. நனைந்த அன்றே கழற்றிக் காயப்போட வேண்டும்.