நினைவு மலர் அச்சிட்டுத் தரும் இணையச் சேவை: அட்டைக்கு முழு மதிப்பெண், புள்ளிக்குப் பூஜ்யம்

சாருடைய நினைவு மலர் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. 144 பக்கம், டெமி அளவு, 300 பிரதி. கோப்புகளை அனுப்பினால் வடிவமைத்து, அச்சிட்டு, கட்டி, பெட்டியில் போட்டு வீட்டுக்கே அனுப்பும் சேவை ஒன்றில் கொடுத்துச் செய்தோம். பெயர் சொல்லவில்லை. சண்டை போட்டுக் கடைசியில் சமாதானமும் ஆகிவிட்டது. தவிர, இந்த மாதிரிச் சேவை எதில் கொடுத்தாலும் இதே இடங்களில்தான் இடறும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் எழுத்தாளர் இல்லை. சாரிடம் 22 வருஷம் ஆய்வக உதவியாளராக இருந்தவள். அவர் வேதியியல் பேராசிரியர். வகுப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கிணறு, குழாய், அடிபம்பு என்று ஒன்றையும் விடாமல் தண்ணீர் பிடித்து வருவார், ஃபுளோரைடு அளவு பார்க்க. (கண்ணாடி பாட்டில் ஆகாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். இதற்கு முதல் வாரமே திட்டு வாங்கினேன்.) உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். ரொம்ப அதிகமாக இருக்கும் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இந்த 1.5-ஐ வைத்துக்கொண்டுதான் சார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அதனால் மலரில் வேறு எது இல்லாவிட்டாலும் அவர் பென்சிலால் எழுதிய அளவு நோட்டிலிருந்து நாலு பக்கமாவது அப்படியே படமாக வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் வார்ப்புருக்களைக் காட்டுகிறார்கள். மேகம், புறா, அணையும் மெழுகுவத்தி. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வட்டம், அதில் படத்தைப் போட வேண்டியதுதான். சார் அந்த வட்டத்துக்குள் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. லேபிள் ஒட்டாத பாட்டில் மேசையில் இருந்தால் அப்படியே தொட்டியில் கொட்டுகிற மனுஷர் அவர். 'வெற்று அட்டை' என்று கடைசியில் ஒரு தேர்வு இருந்தது. அதை எடுத்து, பாட்டில்கள் வரிசையாக நிற்கும் பழைய ஆய்வகப் படம் ஒன்றைக் கொடுத்தோம். வந்த அட்டை அருமை. மேட் லேமினேஷன், நிறம் கொஞ்சமும் அடிவாங்கவில்லை. அந்தப் படத்தை முதலில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருந்தேன். வடிவமைப்புப் பையன் அன்றைக்கே கூப்பிட்டு, "மேடம், இது சுருங்கி வந்திருக்கு, டாகுமெண்ட்டா அனுப்புங்க" என்றான். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், 1200 பிக்சல் அகலப் படம் 4 அங்குலத்துக்குத்தான் தாங்கும் என்று பொறுமையாக விளக்கினான். இரண்டாவது அழைப்பிலேயே மேடம் அக்காவாகிவிட்டது.

'வாழ்க்கை வரலாறு எழுதித் தருகிறோம்' என்ற வசதியை மட்டும் யாரும் தொடாதீர்கள். பிறந்த வருஷம், படிப்பு, பதவி என்று படிவத்தில் நிரப்பிக் கொடுத்தோம். 'கல்வி வானின் விடிவெள்ளி' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் வந்தது. தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. சாருக்குப் பதில் எந்தப் பேராசிரியர் பெயரைப் போட்டாலும் பொருந்தும். தூக்கிப் போட்டுவிட்டு, கூட்டம் ஒன்றில் நடந்ததை நானே எழுதினேன். அதிகாரி ஒருவர், "கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடுமே" என்றார். சார் வாயே திறக்கவில்லை. மறுநாள் லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் இருந்த தண்ணீரை ஒரு லிட்டர் எடுத்து, பாதியாகும்வரை காய்ச்சி, என்னை அளக்கச் சொன்னார். ஏறக்குறைய இரட்டிப்பு. தண்ணீர் ஆவியாகிறது, ஃபுளோரைடு அங்கேயே நிற்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளை மட்டும் கொண்டுபோனார். இதை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை.

கட்டுமானம் பற்றி ஒரு வார்த்தை. பசை ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்தான் அவர்கள் வழக்கமாகச் செய்வது. கேட்டால் பாரம் பாரமாக (ஒரே தாளில் அச்சாகி மடித்த பக்கங்கள்) நூலால் தைத்தும் தருகிறார்கள். கேளுங்கள், விரித்து வைத்தால் புத்தகம் மேசையில் படுக்கும். 16 பக்கம் ஒரு பாரம், எங்களுக்கு 9 பாரம். விஷயம் 137 பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மீதி 7 பக்கத்தில் பொன்மொழிகள் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லி, சாரின் நோட்டில் இருந்த அட்டவணைக் கோடுகளை மட்டும் போட்டுக் காலியாக விட்டோம். யாராவது அளந்து எழுதினால் எழுதட்டும்.

இனி கெட்ட செய்தி. சார் பாமினியில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) தட்டி வைத்திருந்த பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றியபோது, இடையில் இருந்த ஆங்கிலச் சுருக்கங்களும் சேர்ந்து தமிழாகிவிட்டன. மில்லிகிராமுக்கான mg என்ற இரண்டெழுத்து, போன இடமெல்லாம் 'அப' என்று நின்றது. அதை மெய்ப்பில் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதி) பிடித்துவிட்டேன். பிடிக்காமல் விட்டது வேறு.

நோட்டுப் பக்கங்களை நான் மெய்ப்புப் பார்க்கவில்லை. ஸ்கேன்தானே, அதில் என்ன பிழை வரும் என்ற நினைப்பு. அனுப்பிய மெய்ப்பும் மங்கலான பி.டி.எஃப். நினைவுக் கூட்டத்துக்கு என்று முதலில் 20 பிரதி மட்டும் வந்தது, கூட்டத்தில் கொடுத்தோம். சார் எப்போதும் தண்ணீர் எடுக்கும் தெருவைச் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, எங்க குழாய்ல 32-ஆ இருந்துச்சு?"

3.2. புள்ளியைக் காணோம்.

பக்கம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அவர்கள் மென்பொருளில் 'அழுக்கு நீக்கம்' போட்டிருக்கிறார்கள். பழைய தாளில் இருக்கும் சின்னச் சின்னக் கறையை அது தானாகவே அழிக்கும். மழுங்கின பென்சிலில் வைத்த தசமப் புள்ளிக்கும் கறைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 1.5 எல்லாம் 15. ஊர்ப் பெயர்களில் மெய்யெழுத்தின் புள்ளிகளும் போய்விட்டன. ஓலைச்சுவடியிலும் புள்ளி இருக்காதுதான், ஓலை கிழியும் என்று வைக்க மாட்டார்கள். இங்கே என்ன கிழிந்துவிடும்?

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்றால், சார்மேல் அந்தக் காலத்தில் சொன்ன ஒரே குற்றச்சாட்டு அவர் கணக்கை ஊதிப் பெரிதாக்குகிறார் என்பதுதான். அதற்காகவே ஒவ்வொரு மாதிரியையும் மூன்று தடவை அளக்கவைப்பார். அவருக்காகப் போட்ட புத்தகத்திலேயே எல்லாம் பத்து மடங்கு.

போனில் கத்தினேன். மேலாளர் முதலில், "நீங்கள் மெய்ப்புக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்களே" என்றார். அதுவும் உண்மைதான். வடிவமைப்புப் பையன்தான் நடுவில் வந்தான். மூல ஸ்கேனை அவன் அழிக்காமல் வைத்திருந்தான். மீதி 280 பிரதியில் நோட்டுப் பக்கங்கள் வரும் பாரத்தை மட்டும் மாற்றி அச்சடித்தார்கள். அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. தாள் மஞ்சளாக, ஓரத்தில் டீக் கறையோடு, புள்ளிகளோடு வந்திருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். மறுபடி தேவைப்பட்டால் அங்கேயே கொடுப்பேன். ஆனால் கையெழுத்துப் பக்கம் எதுவாக இருந்தாலும் 'எந்தச் சுத்தமும் செய்யாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் அச்சிட்ட மெய்ப்பு கேட்டு வாங்குவேன். திரையில் புள்ளி தெரியாது.

முதலில் கொடுத்த 20-இல் 14 பிரதியைத் தேடிப் பிடித்து மாற்றிக் கொடுத்துவிட்டேன். மீதி 6 பேர், சாரின் வீட்டு அம்மாவையும் சேர்த்து, கூட்டத்தில் வாங்கிய பிரதியே போதும் என்றார்கள். அந்த ஆறிலும் புள்ளிகளை நானே மெல்லிய கறுப்புப் பேனாவால் வைத்தேன். ஒரு பிரதிக்கு 74, மெய்யெழுத்துகளைச் சேர்க்காமல்.