டாமியா பேனல் லைன் அக்சென்ட் கலர்: ஜீரோ விமான மாதிரியில்

விமான மாதிரிகளில் தகடுகள் சேரும் நுண்ணிய பள்ளக்கோடுகளை எடுத்துக்காட்டுவதற்கென்றே மாதிரிப் பொம்மைகள் தயாரிக்கும் ஜப்பானிய நிறுவனமான டாமியா, நீர்த்த எனாமல் (எண்ணெய் சார்ந்த வண்ணம்) கரைசலைப் பேனல் லைன் அக்சென்ட் கலர் என்ற பெயரில் 40 மில்லி புட்டியில், மூடியிலேயே மெல்லிய தூரிகை பொருத்தி விற்கிறது. ஜப்பானியக் கடற்படையின் ஏ6எம்5 ஜீரோ போர்விமானத்தின் 1/48 அளவு மாதிரியில், அக்ரிலிக் வண்ணத்தின் மேல் அடித்த பளபளப்பு வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு இதைப் பயன்படுத்தினேன். தூரிகை நுனியால் கோட்டில் ஓரிடத்தைத் தொட்டாலே போதும். நுண்புழை விசையால் கரைசல் கோடு நெடுக ஓடி, மூலை திரும்பி, ரிவெட் குழிகளிலும் நிறைகிறது. வழிந்ததை, எனாமல் தின்னர் லேசாகத் தொட்ட பஞ்சுக்குச்சியால் மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்தால், மிஞ்சும் கறை காற்றில் இழுபட்ட எண்ணெய்க் கசிவாகவே தெரிகிறது.

கரும்பச்சை மேற்புறத்துக்குக் கறுப்புக் கரைசல் பொருந்துகிறது. வெளிர்சாம்பல் அடிப்பகுதியில் அது பொம்மைத்தனமாக இருப்பதால், அங்கே பழுப்பே என் தேர்வு. வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கில் இந்தக் கரைசல் ஊறினால் இறுக்கமான இணைப்புகள் விரிசல் விடக்கூடும். எனாமல் பூசிய மாதிரியிலோ அடிவண்ணமே கரைந்துவிடும். வண்ணம் உரிந்த தோற்றத்துக்கு இது உதவாது. விமானியின் காலடி படும், இறக்கை உடலோடு சேரும் மேற்பகுதியில் அலுமினிய வண்ணத்தை ஸ்பாஞ்சால் தனியே ஒற்றத்தான் வேண்டும்.